300 வெள்ளி இல்லாமலும் தொடங்கலாம்

அண்ணே, "கவுன்சலிங் என்றால் மணிக்கு 300 வெள்ளி (ரிங்கிட்), இல்லாவிட்டால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விலை தனியாரில் கேட்பது. அதை வைத்து நம்ம சுங்கை சிப்புட் ஆள்களைப் பயமுறுத்தாதீர்கள்.

அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். ஐசியை (அடையாள அட்டையை) காட்டி நம்பர் எடுத்து, "தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்று சொன்னாலே போதும். ஒரு படிவம் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்கும். என் தம்பி பேனாவைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். தேவையென்றால் டாக்டர் கடிதம் கொடுத்து அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார். அங்கே தொடர்ந்து போக, தடவைக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால்தான் முதல் தடவை 30. காத்திருப்பு நீளம்தான், அதை மறைக்கவில்லை.

தஞ்சோங் ரம்புத்தான் பஹாகியா மருத்துவமனைக்கே போனாலும் எல்லாரையும் படுக்க வைப்பதில்லை, பார்த்துவிட்டு வீட்டுக்கு வருபவர்களும் உண்டு.

சரி, தனியார்தான் வசதி என்றால் பதிவு பெற்ற ஆலோசகரிடம் போய் ரசீது வாங்கி வையுங்கள். 2022 வரி ஆண்டு முதல், மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 வெள்ளி வரிக் கழிவில் மனநல ஆலோசனையும் சேர்ந்திருக்கிறது. அந்த ஆயிரம் அப்படியே கைக்குத் திரும்பாது, வரி கணக்கிடும் வருமானத்தில் குறையும்.