சூடு ஏறினால் சோலார் மின்சாரமும் ஏறுமா?

"அக்னி நட்சத்திர வெயிலில்தான் சோலார் பலகை அதிக மின்சாரம் தரும். சூடு வெளியேறாதபடி தளத்தோடு ஒட்டிப் பதியுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நெல்லை வட்டாரத்தில் சுற்றி வருகிறது. இது தவறு. நம்பிச் செய்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

சிலிக்கான் பலகை மின்சாரமாக்குவது ஒளியை. வெப்பம் அதற்குப் பகை. பலகையில் எழுதியிருக்கும் வாட் அளவு, அது 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது சோதித்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 சதவீதம் குறையும். மே மாத நண்பகலில் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தவருக்குத் தளத்தின் சூடு தெரியும். அங்கே பலகை 65 டிகிரியைத் தொட்டால், 0.35 சதவீதக் கணக்கில் 14 சதவீதம் போய்விடும். அதனால்தான் அடியில் காற்று ஓட இடைவெளி விட்டு, இரும்புச் சட்டத்தில் ஏற்றுகிறார்கள். தயவுசெய்து அந்த இடைவெளியை அடைக்காதீர்கள்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் வெப்பத்தைத்தான் பிடித்துத் தொட்டியில் காக்கிறது. ஸ்பெயினின் ஜெமாசோலார் நிலையம் உருகிய உப்பை 565 டிகிரி வரை சூடாக்கிச் சேமித்து, சூரியன் மறைந்த பிறகும் 15 மணி நேரம் மின்சாரம் தரும்படி அமைக்கப்பட்டது. இவை வேறு தொழில்நுட்பம்.

பலகையோடு வரும் விவரத் தாளில் திறனுக்கான (Pmax) 'டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்', அதாவது ஒரு டிகிரி ஏறினால் திறன் எவ்வளவு மாறும் என்ற வரியைப் பாருங்கள்; எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த வரியைக் காட்டுங்கள்.