நான் பாடம் எடுத்தது அப்பத்தாவுக்கு

போன வாரம் கம்பத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா பேசினார். மூன்றரை வயசுப் பெண் குழந்தை, இன்னும் பேச்சு வரவில்லை. "மிஸ், ஆன்லைன்ல கிளாஸ் எடுப்பீங்களா? மதுரைக்கு பஸ்ல வந்துட்டுத் திரும்புறதுக்குள்ள பாப்பா ஒரு வழியாயிடுறா." சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

நான் மாற்றுத்திறன் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எங்கள் மையத்தை மூடியபோது என் வகுப்பில் ஏழு பிள்ளைகள். எல்லாம் ஆறு வயசுக்குள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், காது கேளாமை என்று ஆளுக்கொரு விதம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காவது கல்வித் தொலைக்காட்சி இருந்தது. எங்களுக்கு வாட்ஸ்ஆப் வீடியோ கால்தான்.

முதல் மாதம் நான் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கலர் அட்டையைக் கேமரா முன்னால் ஆட்டி ஆட்டிக் காட்டுவேன். ஆட்டிசம் உள்ள ஒரு தம்பிக்கு என் முகத்தைவிட அந்தச் சிவப்பு பட்டன்தான் பிடித்தது. தொட்டால் மிஸ் காணாமல் போவார். நான் திரும்பக் கூப்பிடுவேன், அவன் திரும்பத் தொடுவான். ஒருநாள் பதினோரு தடவை. நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று மாறி மாறி விளையாடுவதைத்தான் வகுப்பில் மாதக்கணக்கில் பழக்கப் பாடுபடுவோம். பையன் அதைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறான், நான் "ரெட் எங்க? ரெட் எங்க?" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

இதில் நிர்வாகத்துக்குத் தினமும் ஸ்கிரீன்ஷாட் வேறு அனுப்ப வேண்டும். தாடையைப் பிடித்துப் போன் பக்கம் திருப்பி வைத்து எடுத்த முகங்கள். அந்தப் படங்களை அனுப்பியவள் நான்தான்.

அந்தத் தம்பியின் அம்மா தூய்மைப் பணியாளர். ஊரே அடங்கிக் கிடந்தபோதும் வேலைக்குப் போனவர். போனை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் அப்பத்தாவே கேட்டுவிட்டார்: "ஏந்தாயி, அவந்தான் ஒன்னைய ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கிறானே. எங்கிட்டச் சொல்லு, நான் செய்றேன்."

அன்றைக்குத்தான் எனக்கு வகுப்பு ஆரம்பித்தது. "அப்பத்தா, தோசையை முழுசாத் தட்டுல வைக்காதீங்க. ஒரு விள்ளல் கொடுங்க. மிச்சத்தைக் கையில வச்சுக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வேணுமா வேணுமான்னு கேக்கக் கூடாது. அவனா கையை நீட்டினாலோ, உங்களைப் பார்த்தாலோ கொடுங்க." தோசை சுலபம். பேசாமல் இருப்பதுதான் அப்பத்தாவுக்குப் பெரும்பாடு. ரெண்டு எண்ணுவதற்குள் "எஞ்சாமிக்குப் பசிக்கும்ல" என்று ஊட்டிவிடுவார். பத்துப் பதினைந்து நாள் ஆனது. உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனில் எனக்குப் பாதித் தோசையும் உத்தரமும்தான் தெரிந்தன. "பாத்துட்டான் தாயி, மூஞ்சியப் பாத்துட்டான்" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

அதனால் ஆன்லைன் என்றாலே வீண் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. காதுக் கருவி போட்ட ஒரு சின்னப் பெண்ணுக்கு, நேரில் மாஸ்க்குக்குள் ஒளிந்திருந்த என் உதடு போனில் தெரிந்தது. நெட் இழுத்தால் உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று போகும், அது வேறு கதை.

ஆனால் கை செய்வதைப் போன் செய்யாது. மூளை முடக்குவாதம் உள்ள பையனைச் சுவர் மூலையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்காரச் சொன்னேன். திரையில் நேராகத்தான் தெரிந்தான். பல மாதம் கழித்து நேரில் பார்த்தால் ஒரு பக்கமாகவே சாய்ந்து பழகியிருந்தான். தலையணை மறைத்துவிட்டது. தொட்டிருந்தால் உடம்பின் இறுக்கம் என் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். இன்னும் மனசு ஆறவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயசில்தான் தொடங்குகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் இலவசக் கல்வியும் 6 முதல் 18 வரைதான். அதற்கு முந்தைய வயசுக்கு இந்த இரண்டிலும் அப்படி ஒரு உரிமை இல்லை. 2021இல் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது அரசு. நல்ல விஷயம். அந்தத் தம்பியின் அப்பத்தா வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை வகுப்பு கிடையாது.

இப்போது மூணு வயசுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேர ஆன்லைன் தெரபி என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். 2 முதல் 4 வயசு வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. அதில் முக்கால் பங்கை இந்த ஒரு வகுப்பே தின்றுவிடும். பிள்ளையைப் போன் முன்னால் உட்கார வைக்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்த நேரத்தில் அம்மாவுக்கு என்ன வேலை? "நீங்க வெளிய இருங்க" என்று பதில் வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

கம்பத்து அம்மாவிடம், மாசம் ஒருமுறை நேரில் வாருங்கள், மற்ற நாளில் சாப்பாடு ஊட்டுவதை, குளிப்பாட்டுவதை இரண்டு நிமிஷம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். "கிளாஸ் பாப்பாவுக்கு இல்லம்மா, உங்களுக்கு."

"எனக்கா? நான் பத்தாவது ஃபெயில் மிஸ்."

நேற்று முதல் வீடியோ வந்தது. பாப்பா சொம்பைக் காட்டிக் கையை நீட்டுகிறாள். நீட்டி முடிப்பதற்குள் அம்மா தண்ணீரை ஊற்றிவிட்டார். "சொம்பை உங்க முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுப் பத்து எண்ணுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறேன்.