அந்த மெசேஜை யார் படிக்கிறார்கள்?

செல்ஃபோன் மூலம் மருத்துவ வசதி என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். நோயாளி அனுப்புவதை அந்தப் பக்கம் யார் படிக்கிறார்கள்? எத்தனை மணி நேரத்துக்குள் படிக்கிறார்கள்? படித்துவிட்டு என்ன செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாத திட்டம் எவ்வளவு அழகான ஆப்பாக வந்தாலும் நோயாளிக்குப் பெரிதாக உதவாது என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு 2010 நவம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. எச்ஐவிக்கு மருந்து தொடங்கிய 538 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சேர்த்து, வாரம் ஒரு முறை கிளினிக் நர்ஸிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ். மருந்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பு மட்டும்தான். 48 மணி நேரத்துக்குள் 'நன்றாக இருக்கிறேன்' என்றோ 'பிரச்சினை இருக்கிறது' என்றோ பதில் போட வேண்டும். பிரச்சினை என்று வந்தால் நர்ஸ் கூப்பிடுவார். பதிலே வராவிட்டாலும் கூப்பிடுவார். ஸ்மார்ட்ஃபோன் தேவையில்லை, இன்டர்நெட் தேவையில்லை. முடிவில், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்கள் எஸ்எம்எஸ் போன குழுவில் 62 சதவீதம், போகாத குழுவில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்திருந்தவர்கள் அதே வரிசையில் 57 சதவீதம், 48 சதவீதம்.

சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விலை உயர்ந்த மருந்தால் இந்த அளவு பலன் கிடைத்திருந்தால் அந்தக் கம்பெனி உலகம் முழுக்க விளம்பரம் செய்திருக்கும்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு ஆய்வு இருக்கிறது. கேமரூனில் 200 எச்ஐவி நோயாளிகளிடம் நடந்தது, 2012இல் வெளியானது. அங்கேயும் வாரா வாரம் எஸ்எம்எஸ் போனது. ஆனால் அது ஊக்கமூட்டும் செய்தி. உதவி வேண்டுமானால் கூப்பிட ஒரு நம்பரும் அதில் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், செய்தி போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் மருந்து எடுப்பதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஊர் வேறு, ஆய்வின் அளவு வேறு, அதனால் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆனாலும் எனக்குக் கண்ணில் படுவது இதுதான்: முதல் ஆய்வில் நோயாளி பேசாமல் இருந்தால் நர்ஸ் தேடி வந்தார். இரண்டாவதில் நோயாளிதான் தேடிப் போக வேண்டியிருந்தது. உடம்பும் மனசும் சோர்ந்திருக்கிற ஒருவர் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கென்யாவிலேயே நடந்து 2011இல் வெளியான மற்றொரு ஆய்வில், தினமும் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தார்கள், வாரம் ஒரு முறை அனுப்பியும் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை வந்தவர்களில் 53 சதவீதம் பேர் பத்தில் ஒன்பது பங்கு மருந்தையாவது சரியாக எடுத்தார்கள். எஸ்எம்எஸ் வராதவர்களில் 40 சதவீதம். தினமும் வந்தவர்களிடம் அப்படி ஒரு முன்னேற்றம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை நோட்டிஃபிகேஷன் என்று குறி வைத்து ஆப் செய்பவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. தினமும் ஒரே மாதிரி ஒலிக்கிற மணி கொஞ்ச நாளில் காதிலேயே விழாது.

என் அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. வீட்டிலேயே அளந்து ஃபோனில் பதிவு செய்யும் கருவி வாங்கிக் கொடுத்தோம். காலையில் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்காருவார். எண் கூடினால் திரை சிவப்பாகும், 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்று வரும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா எண்ணையும் வரைபடத்தோடு எடுத்துக் காட்டினோம். அவர் நல்ல டாக்டர், அக்கறையாகப் பார்ப்பவர். ஆனால் வெளியே வரிசை நிற்கிறது. விரலால் இரண்டு தள்ளு தள்ளிவிட்டு, "சரி, காலையில சராசரி எவ்வளவு வருது?" என்று கேட்டார். அப்பா வாயால் சொன்னார், மருந்து மாற்றி எழுதினார். ஃபோன் சேர்த்து வைத்த எல்லாவற்றிலிருந்தும் அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு எண். அந்த எண்ணும் திரை சிவப்பான அன்றைக்கே ஒரு நர்ஸின் கண்ணில் பட்டிருந்தால் மருந்து முன்பே மாறியிருக்கும். டாக்டர்மேல் எனக்குக் குறை இல்லை. அந்தத் தகவலைப் படிப்பதற்கென்று யாருக்கும் நேரமோ சம்பளமோ ஒதுக்கப்படவில்லை, அதுதான் குறை.

நோயாளியின் ஃபோனை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஃபோனைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அங்கேதான் இருக்கிறது. தான்சானியாவில் 2009இல் தொடங்கி மூன்று மாவட்டங்களில் 129 சுகாதார நிலையங்களில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். வாரம் ஒரு நாள் அங்கிருக்கும் ஊழியரின் சொந்த ஃபோனுக்கு ஓர் எஸ்எம்எஸ் வரும். மலேரியா மருந்து எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று எண்ணிப் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவர் ஃபோனில் கொஞ்சம் பேலன்ஸ் ஏறும். பதில்கள் மாவட்ட அதிகாரியின் பார்வைக்குப் போகும். எங்கே தீர்ந்துபோயிற்று, எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் 78 சதவீத நிலையங்களில் ஏதோ ஒரு மலேரியா மருந்தாவது இல்லாமல் இருந்தது. 21ஆவது வாரத்தில் அது 26 சதவீதமாகக் குறைந்தது.

காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்து வரும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். 'மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று அவளைத் திருப்பி அனுப்பாமல் இருந்ததுதான் அந்த எஸ்எம்எஸ் செய்த வைத்தியம். அவள் கையில் ஃபோனே இருந்திருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் பணம் போடுகிறவர்கள் நோயாளிக்கு ஆப் செய்து கொடுப்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை மருந்து அலமாரியின் மேல் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். இங்கேயும் அதே கேள்விதான், மாவட்ட அதிகாரி படிக்கிறாரா? படித்துவிட்டு மருந்து அனுப்ப அவரிடம் மருந்தும் வண்டியும் இருக்கின்றனவா? அங்கே இருந்தன, அதனால் எண் இறங்கியது.

கண் பரிசோதனையிலும் ஓர் அருமையான வேலை நடந்திருக்கிறது. கென்யாவில் 50 பள்ளிகளில், சுமார் 21,000 பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே கண் பார்வையைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் பழைய முறைப்படி எழுத்து அட்டை, பார்வைக் குறை இருந்தால் கையில் ஒரு கடிதம். மீதிப் பள்ளிகளில் பீக் என்ற ஸ்மார்ட்ஃபோன் முறை. அதில் குறை தெரிந்தால் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் போகும். அதோடு அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு உலகம் எப்படி மங்கலாகத் தெரிகிறது என்று காட்டும் படத்தை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் முடிவு வந்தது. பழைய முறையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 22 சதவீதம், புதிய முறையில் 54 சதவீதம்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். பிள்ளை கரும்பலகையைப் பார்க்காமல் அசட்டையாக இருக்கிறான், படிப்பு ஏறவில்லை என்று திட்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பன், தன் பிள்ளைக்குத் தெரிவது இவ்வளவுதான் என்று முதல் முறையாகப் பார்க்கிறார். 'பார்வைக் குறைபாடு உள்ளது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்' என்ற கடிதம் எத்தனை வந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. ஃபோன் அங்கே அளந்தது மட்டுமில்லை, அளந்ததை அந்த வீட்டுக்குப் புரியும்படி சொன்னது. போய்ச் சேர ஒரு கண் மருத்துவமனை இருந்ததையும் மறக்கக் கூடாது.

காசநோய்க்கு 99டாட்ஸ் என்ற முறை இந்தியாவில் உருவானது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் பின்னால் மறைந்திருக்கும் ஃபோன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். காசு செலவில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், எண் தெரிந்தால் போதும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் மிஸ்டு கால் சொல்வது மாத்திரை அட்டையிலிருந்து வெளியே வந்தது என்பதை மட்டும். வயிற்றுக்குள் போனதா, வாந்தியாக வந்துவிட்டதா, வேலைக்குப் போகும் அவசரத்தில் பையிலேயே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கால் வராத நாளில் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு சுகாதாரப் பணியாளர் வேண்டும். அவருக்கு ஏற்கெனவே எத்தனை கதவுகள் இருக்கின்றன என்பதை யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

சுகாதாரப் பணியாளர்களைப் பற்றி எனக்கு ஆதங்கம் நிறைய உண்டு. புதிதாக ஒரு திட்டம் வந்தால் அவர்கள் கையில் ஒரு ஃபோனைக் கொடுக்கிறார்கள், ஆனால் பழைய ரெஜிஸ்டரை எடுப்பதில்லை. பகலில் நோட்டில் எழுதியதை ராத்திரி ஃபோனில் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காவிட்டால் கிடைக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். டேட்டா தீர்ந்தால் சொந்தக் காசு. எதிரே ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருக்கும்போது கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாமல் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தால், அவர் முகத்தில் இருக்கும் வீக்கத்தை எப்போது பார்ப்பது? ஒரு புதிய ஃபாரம் சேர்த்தால் ஒரு பழைய ஃபாரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் அதிகாரியாக இருந்தால் உத்தரவே போடுவேன்.

கிட்டத்தட்ட அப்படி ஓர் உத்தரவு ஒரு நாட்டில் நிஜமாகவே வந்தது. உகாண்டாவில் ஆளாளுக்கு ஒரு செல்ஃபோன் மருத்துவத் திட்டம் தொடங்கி, ஒன்றோடு ஒன்று பேசாமல், நன்கொடைப் பணம் தீர்ந்ததும் நின்றுபோய்க்கொண்டிருந்தன. 2012 ஜனவரியில் அந்நாட்டு சுகாதார அமைச்சகம், இனி தன் ஒப்புதல் இல்லாமல் புதிய திட்டங்கள் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. தைரியமான முடிவு. சோதனைத் திட்டம் தொடங்கும்போது ரிப்பன் வெட்டப் பெரிய கூட்டம் வரும். நிற்கும்போது நோயாளிக்கு ஒரு தகவல்கூடப் போவதில்லை, செய்தி வருவது மட்டும் நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், டிஜிட்டல் ஏற்பாடுகள் ஒழுங்காக இயங்கும் மருத்துவ அமைப்புக்கு மாற்று ஆகாது என்றுதான் சொன்னது.

யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. படிக்கக் கூடாதவர் படிக்கிறாரா? பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனைச் செயலி, தன்னிடம் உதவி கேட்டு வந்தவர்களின் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பர வேலைக்காகக் கொடுத்தது என்று அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்டும்படி ஆனது. மாதவிடாய் நாட்களைக் குறித்து வைக்கும் ஃப்ளோ செயலி மீதும் 2021இல் இதே மாதிரிப் புகாரில் நடவடிக்கை வந்தது. தூக்கம் வராத இரவில் ஒருவர் தன் மனத்துயரத்தைத் தட்டச்சு செய்கிறார். அந்தப் பக்கம் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று நம்பித்தான் எழுதுகிறார். அந்த நம்பிக்கையை விற்றதை என்னால் மன்னிக்கவே முடியாது.

பெரிய கம்பெனி வரை போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பாருங்கள். பல குடும்பங்களில் ஒரே ஃபோன்தான், அதுவும் கணவர் கையில். 'உங்கள் எச்ஐவி மருந்தை மறக்காதீர்கள்' என்று ஒரு வரி போனால் அந்தப் பெண்ணின் கதி என்ன? கென்ய நர்ஸின் வெறும் 'எப்படி இருக்கிறீர்கள்' எவ்வளவு யோசித்து எழுதிய செய்தி என்பது இங்கேதான் புரிகிறது.

வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள். தொடர் சிகிச்சைக்கு, ரிப்போர்ட் காட்ட, மருந்து நீட்டிக்க, மனநல ஆலோசனைக்கு நல்லதுதான், போக்குவரத்தும் அலைச்சலும் மிச்சம். புதிதாக வந்த வயிற்று வலியை வீடியோவில் காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதை நான் ஒப்ப மாட்டேன், வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, சிறிய மருத்துவமனையில் தனியாக இருக்கும் டாக்டரோ நர்ஸோ ஒரு தோல் புண்ணின் படத்தையோ இசிஜியையோ பெரிய மருத்துவமனையின் நிபுணருக்கு அனுப்பிக் கேட்பது. பார்க்கும் இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், நோயாளியின் பக்கத்தில் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார்.

கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தோலின் நிறம் ஒளியை அளக்கும் முறையைப் பாதிக்கிறது. அதே மாதிரி ஒளியை வைத்து அளக்கும் கைக்கடிகாரங்கள் எல்லா நிறத் தோலிலும் சோதிக்கப்பட்டவையா என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். எண் நன்றாகக் காட்டினாலும் மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் இப்படிப்பட்ட திட்டங்களில் வேலை செய்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் ஆப்பை டவுன்லோடு செய்தார்கள் என்று அறிக்கையில் போடுகிறீர்கள் அல்லவா, அதற்குப் பக்கத்திலேயே மூன்று எண்களைச் சேருங்கள்: நோயாளிகளிடமிருந்து வந்த செய்திகள் எத்தனை, அதில் ஒரு மனிதர் பதில் சொன்னது எத்தனை, பதில் போக ஆன நேரம் எவ்வளவு. பதில் சொல்லும் நர்ஸுக்கு அந்த வேலை எந்த நேரத்தில், எந்தச் சம்பளத்தில் நடக்கிறது என்பதையும் திட்டச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள். ஏற்கெனவே அப்படிச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.