அந்த அம்மாவின் முகத்தை ஏன் காட்டினீர்கள்?

நாலு நாளாக எல்லோர் பக்கத்திலும் அந்த வீடியோதான். எது என்று உங்களுக்கே தெரியும். மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு அம்மா பேசுகிறார். முகம் தெரிகிறது, பெயர் ஓடுகிறது, பின்னணியில் சோக இசை. எடுத்தவர்கள் தங்களை உண்மை கண்டறியும் குழு என்கிறார்கள். "தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன். "வீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்தாதீங்க" என்று பதில்.

வலித்தது. மூன்று வருடம் நானும் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டு வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். ஒரு பெண், "வெடிச் சத்தம் கேட்டது, ஓடி வந்தப்போ தம்பி கிடந்தான்" என்றார். அவசரத்தில் நான், "தம்பியைச் சுட்டதைப் பார்த்தார்" என்று எழுதிவிட்டேன். எனக்கு முன்பே இரண்டு குழுக்கள் அவரிடம் கேட்டிருந்தன. மூன்று தாளையும் மேசையில் பரப்பிவைத்து வழக்கறிஞர் கேட்டார்: "இதில் எது உண்மை?" அந்தப் பெண் பொய்யே சொல்லவில்லை. ஆனால் அவர் சாட்சியம் வழக்கில் சேரவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

உண்மை கண்டறியும் குழுவின் அறிக்கை வேறு, நீதிமன்ற வழக்கு வேறு. அறிக்கைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் போதும். தண்டனைக்கு, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். 2013 ஜூனில், ஐவரி கோஸ்ட் நாட்டின் முன்னாள் அதிபர் லோரான் பாக்போ மீதான வழக்கில் சர்வதேச குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? தொண்டு நிறுவன அறிக்கைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் இவ்வளவு நம்பி வந்திருப்பது கவலை தருகிறது, இன்னும் சான்று கொண்டுவாருங்கள் என்று விசாரணையைத் தள்ளிவைத்தார்கள்.

அப்படியென்றால் அறிக்கையே வேண்டாமா என்பீர்கள். யார் அப்படிச் சொன்னது? சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஐ.நா. ஆணையம், 2005இல் குற்றம் செய்ததாகச் சந்தேகித்த 51 பேரின் பெயரை அறிக்கையில் போடாமல் முத்திரையிட்ட உறையில் பொதுச்செயலாளரிடம் கொடுத்தது. சாட்சிகளைக் காப்பதும் அதற்கு ஒரு காரணம். அதே வருடம் மார்ச்சில் பாதுகாப்பு சபை டார்ஃபூர் விவகாரத்தை அதே சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வாயை மூடிக்கொண்டு செய்த வேலைதான் அங்கே வழியைத் திறந்தது.

உலகம் பார்க்க வேண்டாமா? பார்க்கட்டும். 'சீசர்' என்ற மறைபெயரில் ஒருவர் சிரியாவிலிருந்து கொண்டுவந்த, சிறையில் சித்திரவதைப்பட்டு இறந்தவர்களின் படங்களையும் உலகம் பார்த்தது. ஆனால் அவர் யார் என்பதைப் பல வருடம் காத்தார்கள். கோப்புகள் ஜெர்மனி அரசு வழக்கறிஞர்களிடம் போயின, தடயவியல் நிபுணர் ஆராய்ந்தார். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றத்தில் அவை சான்றாக நின்றன. 2022 ஜனவரியில், சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பெரிய நாடுகளைத் தொடாது என்கிறீர்கள். சரி, இருக்கலாம். அதற்காக நாளை வரக்கூடிய வழக்கை இன்றே கெடுப்பதா?

பத்தாயிரம் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். அந்த ஊரில் அந்த அம்மா இன்று ராத்திரி எப்படித் தூங்குவார் என்று ஒருவராவது கேட்டீர்களா? வீடியோ வெளியே வரும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

வீடியோவை இறக்குங்கள். இசை சேர்க்காத மூலக் கோப்பை, எடுத்த தேதி மாறாமல், அப்படியே பத்திரமாக வையுங்கள். அந்த அம்மாவிடம் இன்னொரு முறை கேள்வி கேட்கப் போகாதீர்கள்.