இரண்டு இடது கை

(கும்பகோணம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் பத்துக்குப் பத்தில் ஒரு தையல் கடை. செல்வி மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். வலது காதில் இயர்போன். இடது காது வாடிக்கையாளர்களுக்கு. ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் மஞ்சள் பையோடு படியேறி வருகிறார். ஏறும் வேகத்திலேயே விஷயம் நல்லதில்லை என்று தெரிகிறது.)

டீச்சர்: செல்வி, இந்த ஜாக்கெட்டைத் தைத்தது யார்?

செல்வி: நான்தான் டீச்சர். ஏன், கழுத்து இறங்கிவிட்டதா?

டீச்சர்: கழுத்தை விடு. இந்தக் கையைப் பார். இப்போது அந்தக் கையைப் பார்.

செல்வி: (திருப்பித் திருப்பிப் பார்த்து) அட, ஆமாம். இரண்டும் இடது கை.

டீச்சர்: போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அட்சதை போடக் கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே கூட வருகிறது. மணமக்களுக்குப் போட்ட அரிசி என் மடியில்தான் விழுந்தது.

செல்வி: பச்சைப் பட்டுதானே? போன செவ்வாய்க்கிழமை வெட்டினேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவர் போய்ச் சேர்ந்த நேரம்.

டீச்சர்: ஐயோ! யார்? எந்தத் தெரு?

செல்வி: கடம்பூர் மாளிகை டீச்சர். ஆதித்த கரிகாலன்.

டீச்சர்: (முக்காலியில் உட்கார்ந்து) கொஞ்ச நேரத்தில் என் உயிரை வாங்கினாயே. பொன்னியின் செல்வனா? நீயா படித்தாய்?

செல்வி: கேட்டேன். பொண்ணு போனில் போட்டுக் கொடுத்தாள். ஐந்து பாகமும் முடித்தாயிற்று.

டீச்சர்: கேட்பதெல்லாம் படிப்பதாகுமா? எட்டாம் வகுப்பு சி பிரிவில் உனக்குத் தமிழில் எத்தனை மதிப்பெண் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

செல்வி: முப்பத்தாறு. அப்போது படி படி என்றுதானே சொன்னீர்கள்? கேள் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் அறுபது வாங்கியிருப்பேன்.

டீச்சர்: சரி, கரிகாலன் செத்ததற்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்?

செல்வி: ஜாக்கெட் கைக்கு முன்பக்கம் வளைவு கொஞ்சம் ஆழமாக வரும், பின்பக்கம் மேலோட்டமாக. இரண்டு கையையும் எதிரெதிராக வைத்துத்தான் வளைவு எடுக்க வேண்டும். ஒரு கை வெட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அங்கே ஒரே இருட்டு. யார் குத்தினார்கள் என்று தெரியவில்லை. நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையரா? கத்தரிக்கோல் தானாக நகர்ந்துவிட்டது. இரண்டாவது கையும் அதே பக்கம் போய்விட்டது.

டீச்சர்: நல்லவேளை. அந்த இருட்டில் கழுத்து வெட்டாமல் விட்டாயே.

செல்வி: அதை விடுங்கள் டீச்சர். யார்தான் கொன்றது? பெரிய பழுவேட்டரையர் நான்தான் என்கிறார். அதை நம்புவதா வேண்டாமா? பழி வந்தியத்தேவன் தலையில். நான் அத்தனை துணி தைத்து முடித்தும் கடைசி வரைக்கும் எழுதினவர் சொல்லவே இல்லையே! நான் ஒருத்தரிடம் துணி வாங்கி, கை வைக்காமல் கொடுத்தால் விடுவார்களா?

டீச்சர்: அதுதான் கல்கியின் சாமர்த்தியம். 1950-ல் ஆரம்பித்து 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்தது. அடுத்த வாரம் வாங்க வைக்க வேண்டாமா?

செல்வி: அதுதான் ஒவ்வொரு அத்தியாயமும் புலி வாலைப் பிடித்த மாதிரி முடிகிறதா? ஒரு காஜா முடிப்பதற்குள் ஓர் உருவம் மறைகிறது, ஒரு கை நீள்கிறது. கடைசிப் பாகத்தில் மட்டும் 91 அத்தியாயம். 91 தடவையும் ஊசி ஒடிகிற மாதிரி நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வாரம் எப்படித்தான் பொறுத்திருந்தார்களோ.

டீச்சர்: பொறுக்கவா செய்தார்கள்? எங்கள் வீட்டில் புத்தகம் வந்ததும் யார் முதலில் என்று ஒரே சண்டை. கடைசியில் என் அத்தை நடுக்கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாளாம். பாட்டிக்கு எழுத்தே தெரியாது. கேட்டுக்கொண்டே முறுக்குப் பிழிவாளாம்.

செல்வி: அப்படியென்றால் உங்கள் பாட்டியும் கேட்டவர்தான்.

டீச்சர்: (சிறிது நேரம் பேசாமல் இருந்து) அது வேறு.

செல்வி: எப்படி வேறு?

டீச்சர்: முறுக்கு சரியாக வந்தது.

(ஒரு பெண் எட்டிப் பார்த்து, சேலைக்கு ஃபால்ஸ் அடித்தாயிற்றா என்று கேட்கிறாள். "இன்னும் கொள்ளிடம் தாண்டவில்லை, நாளைக்கு வாங்க" என்கிறாள் செல்வி. அந்தப் பெண்ணும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போகிறாள்.)

டீச்சர்: எல்லோரிடமும் இப்படித்தானா?

செல்வி: எனக்குப் பக்கக் கணக்கு தெரியாது. முதல் பாகம் பதினெட்டு ஜாக்கெட், ஒரு பாவாடை. ஆரம்பத்தில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போவான் பாருங்கள், அந்த ஏரிக்குத் தண்ணீர் போகிற 74 கணவாய் என்று வரும். அதற்கே இரண்டு கொக்கிப் பட்டி ஆயிற்று. மெதுவாகப் போகிற இடம். அது தப்பில்லை. ஏரி என்றால் மெதுவாகத்தான் போக வேண்டும்.

டீச்சர்: வேகமாக ஓட விடவும் முடியுமாமே.

செல்வி: ஒரு தடவை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தேன். பழுவேட்டரையர், பால் பாக்கி கேட்டு வந்தவர் மாதிரி பேசினார். உடனே நிறுத்திவிட்டேன். அதுவும் பரவாயில்லை. ஒரு நாள் ப்ளூடூத் மாறி, பக்கத்துக் கடை ஸ்பீக்கரில் நந்தினி பேச ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் தனியாக உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மெல்லிய குரலில் ஒரு பெண் பழிவாங்கப் போகிறேன் என்கிறாள். கையில் அரிவாளோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்.

டீச்சர்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) வேறு என்ன கேட்டாய்?

செல்வி: நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஹெம்மிங், கொக்கி கட்டுவதற்குத் தன்வரலாறு. நேர்த்தையலுக்கு நாவல். துணி வெட்டும்போது எதுவும் கூடாது. அந்தச் செவ்வாய் மீறிவிட்டேன், அனுபவித்தது நீங்கள். இப்போதுதான் 'என் சரித்திரம்' முடித்தேன்.

டீச்சர்: உ.வே.சா.வா? முழுவதுமா?

செல்வி: 122 அத்தியாயம். முழுவதும் என்று சொல்ல முடியாது. அது பாதியில் நிற்கிறது டீச்சர். எனக்கு முதலில் தெரியாது. போன்தான் கெட்டுவிட்டது என்று மூன்று தடவை அணைத்துப் போட்டேன். பொண்ணு வந்துதான் சொன்னாள், 1942-ல் அவர் காலமாகிவிட்டார், அதோடு தொடரும் நின்றுவிட்டது என்று. அன்றைக்கு மேற்கொண்டு ஒரு கொக்கிகூடக் கட்டவில்லை.

டீச்சர்: அந்தப் புத்தகத்தை நான் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

செல்வி: அத்தனையும் நடத்தினீர்களா?

டீச்சர்: பாடத்தில் இருந்த நாலு பக்கம்.

செல்வி: மீதி?

டீச்சர்: வீட்டில் இருக்கிறது.

செல்வி: படித்து...

டீச்சர்: கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. தூசி படாமல் வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு மரியாதைதான்.

செல்வி: அப்படியென்றால் சேலம் ராமசாமி முதலியார் வருகிற இடம் உங்களுக்குத் தெரியுமா? நம் ஊரில் நடந்ததுதானே அது. உ.வே.சா. நம் காலேஜில் தமிழ் வாத்தியார். முதலியார் அரியலூரிலிருந்து மாற்றலாகி இங்கே முன்சீபாக வருகிறார். இவர் போய்ப் பார்க்கிறார். 1880, அக்டோபர் 21.

டீச்சர்: தேதிகூடவா?

செல்வி: வியாழக்கிழமை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவர் அடுக்குகிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, கலம்பகம், தலபுராணம். நான் ஒரு முழு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டி முடித்தேன், பட்டியல் முடியவில்லை. முன்சீப் முகத்தில் ஓர் அசைவு வேண்டுமே! இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். அப்புறம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

டீச்சர்: ஏழே வருஷத்தில், 1887-ல், அதையே அச்சிட்டு வெளியிட்டார்.

செல்வி: அது பரீட்சைக்கு. அன்றைக்கு அந்த மனுஷன் வீட்டுக்கு நடந்து போகும்போது எப்படி இருந்திருக்கும்? இத்தனை வருஷம் படித்தும் முதல் கேள்விக்கே முட்டை. எனக்கு உடனே சி பிரிவு ஞாபகம் வந்துவிட்டது.

டீச்சர்: நான் உன்னை அப்படிக் கேட்டதில்லையே.

செல்வி: நீங்கள் என் பெயரையே மாற்றினீர்கள். வகுப்பில் ஐந்து செல்வி. நான் 'ஜன்னலோரச் செல்வி'. உ.வே.சா.வுக்கும் அப்படித்தான். வேங்கடராமன் என்று பெயர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, சாமிநாதன் ஆக்கிவிட்டார். அந்த இடம் கேட்டபோது நினைத்தேன், இவர் வாத்தியார் வீட்டுப் பெயரையாவது விசாரித்தார், எனக்கு ஜன்னல்தான் வந்தது.

டீச்சர்: ஜன்னல் உனக்குப் பொருத்தம்தான். பாடத்தை எங்கே கவனித்தாய்?

செல்வி: இப்போது கவனிக்கிறேனே. இன்னொன்று கேட்டேன் டீச்சர், பாமா எழுதிய 'கருக்கு'. அதை ஹெம்மிங்குக்குத்தான் போட்டேன். அதில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை, கை படாமல், கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். சின்னப்பெண்ணுக்கு அது வேடிக்கை. நானும் சிரித்தேன். வீட்டில் போய்ச் சொன்னால் அவள் அண்ணன் சிரிக்கவில்லை. எதற்காக அப்படித் தூக்கி வந்தார் என்று சொல்கிறான்.

(மிஷின் நிற்கிறது. டீச்சர் சுருங்கிய பச்சைப் பட்டை மடியில் நீவிக்கொண்டிருக்கிறார்.)

செல்வி: ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கிறது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. அதற்கு வேகத்தைக் கூட்டவும் தோன்றவில்லை, நடுவில் டீ குடிக்கவும் தோன்றவில்லை. அதை ஒரு தடவை கேளுங்கள்.

டீச்சர்: அதைப் படித்திருக்கிறேன். (உடனே) நிஜமாகவே படித்திருக்கிறேன். அப்படிப் பார்க்காதே.

செல்வி: இப்போது என்ன படிக்கிறீர்கள்?

டீச்சர்: பூமணியின் 'அஞ்ஞாடி'. 2014-ல் சாகித்ய அகாதெமி வாங்கியது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் அம்மி வைத்த மாதிரி இருக்கிறது. ஆண்டி, மாரி என்று இரண்டு பையன்கள், சிநேகிதர்கள். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்.

செல்வி: அப்புறம்?

டீச்சர்: இன்னும் பையன்களாகத்தான் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டாம் பக்கம். பொங்கலுக்கு ஆரம்பித்தேன்.

செல்வி: போன பொங்கலா?

டீச்சர்: அதற்கு முந்தினது. கண் முன்னைப் போல இல்லை செல்வி. பத்து வரி போனால் எழுத்து எறும்பாக ஊர்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி: (இயர்போனின் இன்னொரு முனையைத் துப்பட்டாவில் துடைத்து நீட்டி) இந்தாங்க.

டீச்சர்: என்ன இது?

செல்வி: 'தண்ணீர்'. அசோகமித்திரன். சின்னதுதான், ஐந்தாறு ஜாக்கெட்டுக்குள் முடிந்துவிடும். மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா சாயா என்று இரண்டு அக்கா தங்கை. முந்தாநாள் கேட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு அலைகிற இடம் வந்தது. என்னையறியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடிவிட்டேன். நான் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி ஓட, அவளைப் பார்த்துத் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. என்னை வைது தீர்த்துவிட்டார்கள்.

டீச்சர்: (காதில் வைத்துக்கொள்கிறார். முதலில் சந்தேகமாக. பிறகு முகம் மாறுகிறது.) படிக்கிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறதே.

செல்வி: பழகிவிடும். சும்மா உட்காராதீர்கள், இந்தக் கையைப் பிரித்துக் கொடுங்கள். நூலை மட்டும் அறுங்கள், துணியில் பிளேடு படாமல்.

(அரை மணி நேரம் கழித்து. ஒரே இயர்போனில் இரண்டு பேர், தலையைச் சாய்த்தபடி. டீச்சர் மடியில் நூல் குப்பை.)

செல்வி: டீச்சர்.

டீச்சர்: உஷ்! அந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

செல்வி: டீச்சர், நான் ஒரு கையைத்தான் பிரிக்கச் சொன்னேன்.

டீச்சர்: (குனிந்து பார்த்து) இது என்ன?

செல்வி: இன்னொரு கை. அதற்கப்புறம் முதுகு. கொக்கிப் பட்டி. லைனிங்கையும் எடுத்துவிட்டீர்கள்.

டீச்சர்: நல்ல இடத்தில் வந்து பேசினாயே. சரி, மறுபடி தைத்துக் கொடு. எப்போது கிடைக்கும்?

செல்வி: வியாழக்கிழமை.

டீச்சர்: எந்த வியாழக்கிழமை? 1880-லா?