கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எங்கள் ஓடைக்கு மேலே இருக்கிற காப்பி எஸ்டேட்டில் ஒரு சரிவு முழுக்க மரம் வெட்டிய விவகாரத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒரு நண்பர், நான் மிகவும் மதிக்கிற மனிதர், "முறையாக அனுமதி வாங்கித்தானே வெட்டினார்கள், இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று எழுதியிருந்தார். அதற்கு நம் ஊர்க்காரர்களே வரிசையாக விருப்பக்குறி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அனுமதி வாங்கித்தான் வெட்டினார்கள். அதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. என் சண்டையே அந்த அனுமதியோடுதான். காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தச் சரிவுக்குக் கீழே குடியிருக்கிற, அந்த ஓடையில் தண்ணீர் எடுக்கிற ஒரு குடும்பத்தையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? கேட்கவில்லை. லாரி இறங்குகிற சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

எங்கள் வீடுகளுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பது சமவெளியில் இருக்கும் நண்பர்கள் பலருக்குத் தெரியாது. ஓடையின் மேல்பக்கம் ஒரு சின்னக் குழி வெட்டி, கறுப்புக் குழாயை அதில் செருகி, வாயில் பழைய கொசுவலைத் துணியைக் கட்டிவிடுவோம். மோட்டார் கிடையாது, தானாக இறங்கி வரும். போன வாரம் தண்ணீர் நின்றுபோனது. மேலே ஏறிப் போய்த் துணியை அவிழ்த்தால், உள்ளங்கை கொள்ளாத அளவுக்கு மரத்தூளும் செம்மண்ணும் களியாக அப்பிக்கொண்டிருந்தன. பிழிந்தால் சிவப்பாக வடிந்தது. காட்டில் தானாக முளைக்கிற சந்தன வேம்பின் வாசனை. நிழலுக்காக நட்டு வளர்த்த சில்வர் ஓக்கைத்தான் வெட்டினோம் என்று சொல்பவர்கள் அந்தத் துணியை ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கேதான் சட்டம் வருகிறது. பட்டா நிலம், அவர் மரம், அவர் வெட்டுகிறார், உனக்கு என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலைப்பகுதியில் பட்டா இருப்பதாலேயே யாரும் மரத்தை வெட்டிவிட முடியாது. 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொந்த நிலமாக இருந்தாலும் முன் அனுமதி வேண்டும் என்று எழுபது ஆண்டுகளாகச் சட்டம் சொல்கிறது. ஈட்டி மரத்துக்கென்று 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். இதையெல்லாம் போட்டவர்களுக்குச் சொத்துரிமை என்றால் என்னவென்று தெரியாதா? சரிவில் நிற்கும் மரம் வெட்டுப்பட்டால் அதன் விளைவு வேலியோடு நிற்காது என்பது தெரிந்துதான் போட்டார்கள்.

கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு எங்கே தொடங்கியது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? வடக்கே எங்கோ இல்லை, நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கோதவர்மன் அங்கே மரம் வெட்டுப்படுவதைப் பொறுக்க முடியாமல் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு இந்தியா முழுமைக்கும் காடு என்பதற்கு விளக்கம் சொன்னது. நிலம் யாருடையதாக இருந்தாலும் காடு காடுதான் என்றது. அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று தனியாகச் சில வரிகள் உண்டு. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டுவதென்றால் நட்டு வளர்த்த மரங்களை மட்டும்தான் வெட்டலாம், தானாக முளைத்து வளர்ந்ததைத் தொடக்கூடாது, அதையும் அரசு சட்டப்படி அமைத்த குழுவின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நட்டதா, முளைத்ததா என்பதை மேசையில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது? மலை ஏறி, ஒவ்வொரு மரமாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நான் போய்ப் பார்த்த அடிக்கட்டைகளில் பாதிக்கு மேல் எண்ணே இல்லை.

எண் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா இருந்த காலத்தில் எங்கள் சமையலறைக்கு மேலே ஒரு கிழட்டுப் பலா சாய்ந்து நின்றது. அடியில் பொந்து. காற்று வீசினால் அம்மா எங்களை எல்லாம் முன்கட்டுக்குத் துரத்துவார். அந்த ஒரு மரத்தை எடுக்க அப்பா மனு கொடுத்தார். பட்டா நகல், சிட்டா, அடங்கல், புல வரைபடம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, எல்லாம் வைத்தார். பிறகு ஒரு வனவர் வந்தார். நாடாவை எடுத்து, நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்தார். நாடா முறுக்கிக்கொண்டது என்று அவிழ்த்து மறுபடியும் அளந்தார். கத்தியால் பட்டையைக் கையகலத்துக்குச் செதுக்கி, வெள்ளை தெரிகிற இடத்தில் தாரால் எண் எழுதினார். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அந்த வனவர் மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். அதற்குப் பிறகு கோப்பு எந்த மேசையில் படுத்துக்கொண்டது என்று தெரியவில்லை. மழைக்காலம் வந்து, ஒரு கிளை ஓட்டைப் பிளந்துகொண்டு அடுப்பின் மேல் விழுந்தது. அனுமதி அதற்கும் பிறகுதான் வந்தது. அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மலையில் மரம் வெட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்கக்கூடாது, அதுவும் நல்லதற்குத்தான்" என்றார்.

அந்த மனிதரின் மகன் நான். ஓடு உடைந்த பிறகும் சட்டத்தை மதித்த வீட்டிலிருந்து வந்தவனைப் பார்த்து "வளர்ச்சிக்கு எதிரி" என்று எழுதுகிறீர்கள். வலிக்கிறது, மறைக்கப் போவதில்லை.

ஒரு பலாவுக்கு அத்தனை நாடா, அத்தனை காகிதம். ஒரு முழுச் சரிவுக்கு எத்தனை முறை அளந்தார்கள்? யாரைக் கேட்டார்கள்? நான் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் ஒருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், போனால் போகட்டும்" என்கிறார் ஒருவர். சரி, வந்த மரம்தான். எங்கள் தோட்டத்திலும் நிற்கிறது. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளவி தாக்கிக் கல்யாண முருங்கை எல்லாம் இலை சுருண்டு பட்டுப்போனபோது, மிளகுக் கொடியை ஏற்ற வேறு வழியில்லாமல் நம்மில் பலர் சில்வர் ஓக்கைத்தான் நட்டோம். அதை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அனுமதி வாங்கி வெட்டி விற்றிருக்கிறேன். அடுத்த வரிசை வளர்ந்த பிறகு, இடைவெளி விட்டு எடுத்தோம். ஒரே வீச்சில் உச்சியிலிருந்து ஓடைவரை மொட்டையடிப்பது வேறு காரியம். அராபிகா காப்பி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், நிழல் போனால் செடியைத் துளைத்துக் கெடுக்கும் தண்டுத் துளைப்பான் வரும். அந்த வண்டுக்கு உங்கள் எல்லைக்கல் எது, எங்கள் எல்லைக்கல் எது என்று தெரியுமா?

எஸ்டேட்காரருக்குக் கடன் இருந்தது, மருத்துவச் செலவு இருந்தது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். மழை தவறிப் பூ கருகிய ஆண்டுகளில் மரத்தை நம்பித்தான் மலையில் பல கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, பல பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். மரம்தான் நம் வங்கி. அவருடைய கஷ்டத்தை எங்களிடம் சொல்லியிருந்தால், ஓடைக்கரையை விட்டுவிட்டு மேல்தட்டில் வெட்டிக்கொள்ளுங்கள், மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், லாரிப் பாதையைக் கிழக்கே திருப்புங்கள் என்று நாங்களே சொல்லியிருப்போம். இது நடக்க முடியாத கனவு இல்லை. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

வெட்டுவதை நிறுத்தினால் வேலை போய்விடும் என்கிற வாதத்துக்கு ஒரே பதில்தான். ரம்பத்தோடு வந்தவர்களும் வெளியூர், லாரியும் வெளியூர். நம் ஊர்ப் பெண்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் வேலை அந்தச் சரிவில் இனி எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்காது என்று அவர்களிடம் கேளுங்கள்.

"இத்தனை மழைக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னவரை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்டிய ஆண்டில் ஒன்றும் ஆகாது ஐயா. மரம் போனாலும் வேர் மண்ணுக்குள் இருக்கும், பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வேர் மட்குவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். புதுக் கன்று வேர்விட்டு அந்த வேலையை எடுத்துக்கொள்வதற்குள் ஒரு பெருமழை வந்தால்தான் சரிவு நகரும். அப்போது அனுமதி கொடுத்த அதிகாரி இங்கே இருக்க மாட்டார், மாற்றலாகிப் போயிருப்பார். வியாபாரி வேறு மலையில் இருப்பார். நாங்கள் இங்கேதான் இருப்போம். 2024 ஜூலை 30 அன்று விடிவதற்குள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் என்ன ஆயின என்று பார்த்தோம். அங்கே நடந்ததற்கு மரம் வெட்டியதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, பேய்மழை. ஆனால் மலைச்சரிவில் மேலே நடப்பதற்குக் கீழே இருப்பவர்கள்தான் உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இல் கொடுத்த அறிக்கை வெளியானபோது நம் மலையில் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்பது நினைவிருக்கிறதா? "எங்கோ இருப்பவர்கள் எங்கள் மலையைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது" என்று பேசினோம். அந்த அறிக்கையே கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அதைப் படித்தவர்கள் குறைவு. அன்று மலைக்காரனைக் கேள் என்று மேடை போட்டுப் பேசிய அதே ஆட்கள்தான் இன்று மலைக்காரன் கேட்டால் "உனக்கு என்ன சம்பந்தம்" என்கிறார்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அந்த ஆறில் ஒன்றிலாவது, நம் தண்ணீர் வருகிற சரிவில் மரம் வெட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது என்று ஒரு வரி படித்திருக்கலாமே. ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கலாமே. பசை செலவுதானே.

இவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அனுமதியின் நகல் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மனுவைப் படித்தார். முழுவதும் படித்தார், அதில் குறையில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, "உங்களுக்கு எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். சொன்னேன். மனுவைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "நீங்கள் பக்கத்து நிலத்துக்காரர்கூட இல்லையே" என்றார்.

ஏக்கர் இருந்தால்தான் தாகம் எடுக்குமா? எங்களுக்குக் கீழே இருக்கிற காலனியில் ஒரு சென்ட் பட்டாவும் இல்லாத குடும்பங்கள் அதே ஓடையைத்தான் குடிக்கின்றன. அவர்களை யார் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? பத்து ஏக்கர், ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர் என்று ஆளை எடை போடுகிற பழக்கம் வெள்ளைக்காரன் எஸ்டேட் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அந்த எஸ்டேட்டில் பழம் பறித்தவர். களத்தில் அளவுக்காரர் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார் என்று சொல்வார். அந்த அலுவலகத்திலிருந்து படியிறங்கும்போது அம்மாவின் அந்தப் பேச்சுத்தான் காதில் கேட்டது.

மரத்தைப் பற்றி ஆரம்பித்து எங்கெங்கோ போகிறான் என்று சொல்வீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களைக் கேட்காமல் வெட்ட முடிந்தது ஏனென்றால் எங்களைக் கேட்கத் தேவையில்லை என்று ஒருவர் நினைத்தார்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்: எந்தெந்த மரத்துக்கு அனுமதி, என்ன இனம், என்ன சுற்றளவு, தல ஆய்வு யார் செய்தது, எந்தத் தேதியில். வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தனியாக ஒரு மனு கொடுக்கிறோம். அதில் கேட்பது இவைதான். மீதியிருக்கும் ஓடைக்கரை மரங்களை வெட்டுவதை ஆய்வு முடியும்வரை நிறுத்த வேண்டும். எண் இல்லாத அடிக்கட்டைகளை எங்கள் முன்னிலையில் அளக்க வேண்டும். இனி எந்தத் தோட்டத்துக்கு மரம் வெட்டும் விண்ணப்பம் வந்தாலும், அந்த ஓடையில் தண்ணீர் எடுக்கும் குடியிருப்புகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட ஏக்கர் வேண்டாம், பட்டா வேண்டாம், அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதும். மனுவின் படி என் வீட்டிலும் பால் சொசைட்டியிலும் இருக்கிறது. அடிக்கட்டைகளைப் படம் எடுத்தவர்கள் தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.

எதிர்த்துப் பேசுபவர்கள் தாராளமாகப் பேசுங்கள், பதில் சொல்கிறேன். எஸ்டேட்காரரின் பிள்ளைகளை இதில் இழுத்து எழுதினால் மட்டும் நீக்கிவிடுவேன்.