‘வசீகரமான’: பாராட்டா, வாக்குமூலமா?

வயதான பேச்சாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘கவர்ச்சியான பேச்சு’ என்று போட்டுவிட்டேன். படித்த தோழி உடனே போன் செய்தாள். “அந்தம்மா உனக்கு என்ன பாவம் பண்ணினாங்க?” சரிதான் என்று ‘வசீகரமான’ என மாற்றினேன். மாற்றிய பிறகு அந்தச் சொல் மண்டையை விட்டு இறங்கவில்லை.

கவர்ச்சியின் கதை சோகமானது. கவர்தல் என்றால் பறித்தல், கைப்பற்றுதல். சங்க இலக்கியத்தின் வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தார்கள். சம்பந்தர் சிவனையே ‘உள்ளங்கவர் கள்வன்’ என்றார். அந்தச் சொல்லைச் சினிமாச் செய்திகள் நடிகையின் உடையளவுக்குச் சுருக்கிவிட்டன. மிச்சத்தைத் தள்ளுபடி விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன.

வசீகரம் மட்டும் எப்படியோ தப்பித்தது. இத்தனைக்கும் அதன் பூர்வீகம் இன்னும் விவகாரமானது. வடமொழியிலிருந்து வந்த ‘வசம்’ என்றால் பிடி, கட்டுப்பாடு. கைவசம், உணர்ச்சிவசம், அதிர்ஷ்டவசம் எல்லாம் அதன் பிள்ளைகள். பரவசம்கூட, நேர்ப்பொருளில், பிறர் பிடியில் இருப்பதுதான். வசீகரம் என்றால் தன் வசமாக்கிக்கொள்வது. மாந்திரீகத்தின் எட்டுக் கருமங்களில் மாரணத்தோடு, அதாவது மந்திரத்தால் கொல்வதோடு, சேர்த்து எண்ணப்படும் வசியம் இதற்கு நெருங்கிய சொந்தம். (ஒரு வேடிக்கை: பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ‘வசீகாரம்’ வைராக்கியத்துக்குப் பெயர். ஆசையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த நிலையாம்! நாம் அப்படியே தலைகீழாகப் புழங்குகிறோம்.)

அதனால்தான் ‘அழகான’ என்பதற்குப் பதிலாக இதைப் போடுவது எனக்கு உறுத்துகிறது. அழகு எதிரே இருப்பவரிடம் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்து, அழகுதான் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். வசீகரமான குரல் என்று சொன்னால் கதை வேறு. கிளம்ப எழுந்தவன் திரும்ப உட்கார்ந்துவிட்டேன் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். சுமாரான முகம் வசீகரமாக இருக்கும், எடுப்பான முகம் வசீகரமாக இல்லாமல் போகும். நல்லவர் என்ற உத்தரவாதமும் அதில் கிடையாது. ஊரை ஏமாற்றுகிறவர்களில் பலர் வசீகரமானவர்கள், இல்லாவிட்டால் தொழில் நடக்காது. குரல், சிரிப்பு, நடை, ஒருவர் கேட்கிற விதம், இவற்றுக்கெல்லாம் இந்தச் சொல் கச்சிதம். சோபாவுக்கும் செல்போனுக்கும் இதைச் செலவழிக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பேச்சில் நமக்கு இது வருவதே இல்லை. ‘ஆளையே சொக்க வைக்குது’ என்போம், ‘என்ன சொக்குப்பொடி போட்டாளோ’ என்போம். அங்கேயும் குற்றம் அவர்கள் மேல்தான், நாம் அப்பாவிகள்.

அப்புறம், திருத்திய பதிவை அந்தப் பேச்சாளரும் படித்திருக்கிறார். நேரில் பார்த்தபோது கேட்டார்: “ஏம்ப்பா, நான் வசியம் வச்சேன்னா எழுதியிருக்கே?”

ஆமாம் என்றேன்.